வன்னியில் இருந்துகொண்டு தாவரப் பாகுபாடும் கூர்ப்பும் (பரிணாமமும்) படிப்பது எப்படி?

மல்லாவிப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். தாவரப் பல்வகைமை தொடங்கியதிலிருந்து பாடம் பிடிபடவே இல்லை. பாசி, பன்னம், வித்துமூடியிலி, வித்துமூடியுளி என்று அட்டவணை கீறி மனப்பாடம் செய்கிறோம், சோதனை முடிய மறந்துபோகிறது. பொகோனேற்றம், செலாஜினெல்லா, சைக்கஸ் எல்லாம் படத்தில் மட்டும்தான். ஆய்வுகூடத்துப் போத்தலில் இருந்த மாதிரி நிறம் வெளுத்து, எது தண்டு எது இலை என்றே தெரியாமல் கிடக்கிறது. எங்கள் பக்கம் குளமும் வயலும் காடும்தான். இங்கே வளர்வதை வைத்தே இதைப் படிக்க முடியுமா? எதில் தொடங்குவது?

குளக்கட்டு எழுதியது:

முடியும் பிள்ளை, நன்றாகவே முடியும். நான் கிளிநொச்சிப் பக்கம் இந்தப் பாடம் படிப்பிக்கிறவன். அட்டவணையை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் குளத்துக்குப் போ.

வாய்க்காலில் தண்ணீர் ஓடாமல் நிற்கிற இடத்தில் பச்சையாக, தலைமயிர் போல வழுக்கிக்கொண்டு ஒன்று மிதக்கும். கையில் எடுத்தால் நழுவும். பெரும்பாலும் அது ஸ்பைரோகைரா என்ற அல்கா. ஊரில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் தரையில் வாழும் அத்தனை தாவரத்துக்கும், உன் வீட்டு வேம்புக்கும் வயல் நெல்லுக்கும், இன்று நீரில் இருக்கிற மிகக் கிட்டிய சொந்தம் அந்த அல்காக் கூட்டம்தான். உருவத்தைப் பார்த்தால் நம்ப மாட்டாய். கிளையும் கணுவுமாக ஒரு செடியைப் போலவே வளரும் காரா என்ற அல்காதான் கிட்டிய சொந்தம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட பிறகுதான் இந்த வழுக்கல் முன்னுக்கு வந்தது.

சுமார் 47 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பரம்பரையில் ஒரு கிளை கரையேறியது. அதன் பிறகு நடந்ததெல்லாம் காய்ந்து சாகாமல் இருக்க எடுத்த முயற்சிகள். உடம்பை மெழுகுப் படையால் மூடினது, நீரைக் கடத்தக் காழ் உண்டானது, பிறகு வித்து, பிறகு பூவும் பழமும். பாடப்புத்தகத்தில் வரும் கணங்களின் வரிசையும் இதுதான். ஆவணியில் குளம் வற்றித் தரை வெடித்துக் கிடக்கிறதைப் பார்க்கிற நமக்கு இந்தக் கதை மற்றவர்களைவிட எளிதில் விளங்கும்.

பன்னத்துக்கு வயலுக்குப் போ. ஆரைக்கீரை தெரியும்தானே? நான்கு சிற்றிலை, நடுவில் காம்பு. அது பன்னம்.

வயல்வரம்பு எழுதியது:

சேர், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஆரையைச் சின்ன வயதிலிருந்து சுண்டித் தின்கிறோம். பன்னம் என்றால் நீளமாக, இரண்டு பக்கமும் பல்லுப் பல்லாக இலை இருக்கும், இலைக்குப் பின்பக்கம் மண்ணிறப் புள்ளி இருக்கும் என்றுதான் பிள்ளைகளின் புத்தகத்தில் பார்த்தேன். ஆரை இலைக்குப் பின்னால் ஒரு புள்ளியும் இல்லையே?

குளக்கட்டு எழுதியது:

நல்ல கேள்வி ஐயா. புள்ளி இலைக்குப் பின்னால் இல்லை, அடியில் இருக்கிறது.

தண்ணீர் வடிந்து சேறு இறுகுகிற நேரம் ஓர் ஆரைக்கொடியை வேரோடு கிளப்பிப் பாருங்கள். இலைக்காம்பு தொடங்கும் இடத்தில் பயறு விதை அளவில், கறுத்து, கல்லுப் போல இறுகிய உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றப் பன்னங்களின் புள்ளியில் இருக்கும் வித்திகள், அதாவது பன்னம் பெருகுவதற்கான தூள் போன்ற நுண்மணிகள், ஆரையில் அதற்குள்தான் இருக்கின்றன. நகத்தால் உடைக்க முடியாது. சேறு காய்ந்து, கோடை போய், பல ஆண்டு மழை பிழைத்தாலும் அது கிடக்கும். ஓர் ஓரத்தைச் சீவிவிட்டு நீர் நிறைந்த கிண்ணத்தில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பிளந்து, கண்ணாடி போன்ற ஒரு களிப்புழு நீண்டு வெளியே வரும். வித்திகள் அதன் இரண்டு பக்கமும் பைபையாகத் தொங்கும். வகுப்பில் இதைக் காட்டிய நாளில் பிள்ளைகள் மணி அடித்தும் எழும்பவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். ஆரையின் இளம் இலை சுருண்டு, மெல்ல விரிந்துதான் வெளியே வரும். பன்னங்களிடம் பொதுவாகக் காணும் குணம் அது. சிற்றிலை நான்காக இருப்பது மேலோட்டம், அந்தச் சுருள்தான் பரம்பரை.

அதற்குள் இருக்கும் வித்திகள் இரண்டு வகை: பெரியது, சிறியது. பெரியதிலிருந்து பெண் புணரித்தாவரம், அதாவது முட்டை உண்டாக்கும் சிறு உடல், சிறியதிலிருந்து ஆண். சாதாரணப் பன்னங்களில் ஒரே வகைதான். வித்தி இப்படி இரண்டு வகையாவது கூர்ப்பில் பல பரம்பரைகளில் தனித்தனியாக நடந்தது. அவற்றில் ஒன்றிலேதான், பெரிய வித்தியைத் தாய்த்தாவரம் வெளியே விடாமல் தன்னிடமே வைத்துப் போர்த்தி வளர்த்து, வித்து என்று நாம் சொல்வது உருவானது. வித்து ஆரையிலிருந்து வந்தது என்று எழுதிவிடாதே பிள்ளை, அது பிழை. வித்துக்கு முந்திய படி எப்படி இருந்திருக்கும் என்று விளங்கிக்கொள்ள ஆரை உதவும், அவ்வளவுதான்.

மல்லாவிப்பிள்ளை எழுதியது:

சேர், அப்படியென்றால் குளத்தில் மூடிக்கிடக்கிற சல்வீனியா? அதுவும் பன்னம் என்று ஓர் அக்கா சொன்னா. நம்பவில்லை.

குளக்கட்டு எழுதியது:

நம்பு. சல்வீனியா, ஆரை, கோழிக்கும் வயலுக்கும் போடுகிற அசோலா மூன்றும் ஒரே வருணம், அதாவது குடும்பங்கள் சேர்ந்த ஒரே கூட்டம். மூன்றும் நீர்ப்பன்னங்கள், மூன்றிலும் வித்தி இரண்டு வகை.

ஒரு சல்வீனியாத் துண்டை எடுத்துக் கணுவைப் பார். ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலை. இரண்டு மேலே மிதக்கும். கீழே வேர் போலத் தொங்குவது மூன்றாவது இலை, அதற்கு உண்மையான வேர் கிடையாது. மிதக்கும் இலையின் மேல் மயிர்களை வில்லையில் பார்த்தால் நுனியில் நான்கு கம்பியும் கூடி ஒரு கூடை மாதிரி இருக்கும். அதனால்தான் நனையாது.

அது இந்த மண்ணின் செடியும் அல்ல. பிரேசிலின் தென்கிழக்குப் பகுதிதான் சொந்த இடம். இலங்கைக்கு 1939இல் கொழும்பில் ஆய்வுக்காகக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி நாடு முழுக்கப் பரவியது. நம் குளங்களில் இருப்பது வளமான வித்தி உண்டாக்குவதே இல்லை. ஒடிந்த துண்டுகளிலிருந்து மட்டும் பெருகியே இவ்வளவு. ஒரு குளத்தை மூடிக்கிடப்பது ஏறக்குறைய ஒரே உடலின் பிரதிகள். பல்வகைமை என்று வாய் ஓயாமல் படிப்பிக்கிறோமே, அதற்கு நேர் எதிர் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமென்றால் அந்தக் குளக்கட்டுக்குப் போய் நில். கீழே வெளிச்சம் போகாமல், ஒட்சிசன் குறைந்து, தாமரையும் ஆம்பலும் அழிந்துபோகின்றன. இதை வெறும் களை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

மல்லாவிப்பிள்ளை எழுதியது:

தாமரையும் ஆம்பலும் ஒரே குடும்பம்தானே சேர்?

தரவுப்பெட்டி எழுதியது:

இல்லை! இதற்கு நான் பதில் சொல்கிறேன். வவுனியாவில் உயிர் விஞ்ஞானம் படித்தவன்.

செடிகளுக்கு இருசொற் பெயர் வைத்த லின்னேயசே 1753இல் இரண்டையும் ஒரே சாதியில் (குடும்பத்துக்கு உள்ளே வரும் சிறு கூட்டத்தில்) போட்டார், தாமரைக்கு நிம்பேயா நெலும்போ என்று பெயர். இரண்டும் நீரில், வட்ட இலை, பல இதழ், சேற்றுக்குள் கிழங்கு. யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். டிஎன்ஏ ஒப்பீடு வந்ததும் எல்லாம் மாறியது. ஆம்பல், பூக்குந்தாவரப் பரம்பரை தொடங்கி மிக ஆரம்பத்திலேயே பிரிந்த கிளை. அதற்கும் முன்னர் பிரிந்தது நியூ கலிடோனியாத் தீவில் மட்டும் உள்ள அம்போரெல்லா. தாமரையோ புரோட்டியா என்ற பூஞ்செடிகள் இருக்கும் வருணத்தில். மலையகத்தில் தேயிலைக்கு நிழலாக நடும் கிரவில்லியா தெரியுமா? அவுஸ்திரேலிய மரம். கட்டுக்கரைக் குளத்துத் தாமரைக்கு, பக்கத்தில் மிதக்கிற ஆம்பலைவிட அந்த மலைநாட்டு மரம்தான் நெருங்கிய சொந்தம்.

அதனால்தான் சொல்கிறேன், பூவைப் பிடுங்கி இதழ் எண்ணுவதெல்லாம் பழைய முறை. பூக்குந்தாவரங்களை வரிசைப்படுத்த 1998இல் ஏபிஜி (பூக்குந்தாவரப் பரம்பரை ஆய்வுக்குழு) முறை வந்தது, 2016இல் நான்காவது பதிப்பு: 64 வருணம், 416 குடும்பம். மாணவர்கள் அந்த மரத்தைப் பார்த்துப் படித்தால் போதும். உருவம் ஏமாற்றும்.

குளக்கட்டு எழுதியது:

தம்பி சொன்ன தகவல் அத்தனையும் சரி. முடிவை மட்டும் நான் ஏற்கவில்லை.

டிஎன்ஏ யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்லும். அந்தச் சொந்தங்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்று தெரிய, செடியைத்தான் பார்க்க வேண்டும். ஆம்பல் பூ ஒன்றை எடுத்து வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரிசையாக வை. வெளியே இதழ். உள்ளே போகப் போக இதழ் ஒடுங்கும், நுனியில் மஞ்சள் படும், பிறகு அகன்ற பட்டை போன்ற ஒன்றில் மகரந்தப்பை ஒட்டிக்கொண்டிருக்கும், கடைசியில் முழுக் கேசரம். எந்த இடத்தில் இதழ் முடிந்து கேசரம் தொடங்கியது என்று கோடு போட முடியாது. தாமரையில் அப்படிக் குழப்பம் இல்லை. நடுவில் ஷவர் மூடி மாதிரித் துளைகளோடு ஒரு மேடை, துளைக்கொரு காய். ஆம்பல் காய் நீருக்குள் முங்கிப் பழுக்கும், தாமரைக் காய் மேலே நிமிர்ந்து நின்று காயும். ஆம்பல் இலையில் காம்பு வரை ஒரு வெட்டு உண்டு. தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவில். இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் கிடந்தன. சரியான அடையாளத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் விசயம், பார்த்ததே தவறு என்பதல்ல.

நுணுக்குக்காட்டி கிடைத்தால் மகரந்தமணியையும் பாருங்கள். தாமரையில் மூன்று பிளவு. இருவித்திலைகளில், அதாவது வித்துக்குள் இரண்டு முளையிலை உள்ளவற்றில், பெரும் பகுதிக்கு அந்த மூன்று பிளவுதான் பொது அடையாளம். ஆம்பலில் அது இல்லை. வெற்றிலை, மிளகு, கறுவா, அன்னமுன்னா இவற்றிலும் இல்லை. இவை இரண்டு வித்திலை உள்ளவைதான், ஆனால் அந்தப் பெருங்கிளையில் சேராதவை. ஆகவே ஒருவித்திலை என்பது ஒரு முழுக் கிளை, இருவித்திலை என்பது அப்படி இல்லை. பாடத்திட்டம் இரண்டாகப் பிரித்துக் கேட்டால் அப்படியே எழுது பிள்ளை, புள்ளி போகக் கூடாது. மனதில் இதை வைத்துக்கொள்.

முதிரைக்காடு எழுதியது:

காட்டுப் பக்கமும் வாருங்கள். எனக்கு மரத்தோடு நெடுநாள் வேலை, ஒட்டுசுட்டான் பக்கம்.

முதிரையை எல்லோருக்கும் தெரியும், தளபாடத்துக்கு. சொந்தம் யார் என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்ல மாட்டார்கள். ஓர் இலைக்கொத்தைப் பிடுங்கி ஒரு சிற்றிலையைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினது போல வெளிச்சம் ஊடுருவும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். பிறகு கசக்கி மணந்து பாருங்கள். அடுத்து வீட்டுத் தேசி இலை, கறிவேப்பிலை, விளாத்தி இலை மூன்றையும் அதே மாதிரிப் பிடியுங்கள். நான்கிலும் அதே புள்ளி. நான்கும் ஒரே குடும்பம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் வேலை செய்த ரொக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளர் முதிரையை மகோகனிச் சாதியில் சேர்த்தார். காய் பிளந்து சிறகு வைத்த விதை பறக்கிறது, மகோகனியும் அப்படித்தான், அதனால். இன்றும் அதன் அறிவியற் பெயரில் குளோரோக்சைலன் சுவீட்டெனியா என்று மகோகனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. காற்றில் விதை அனுப்ப வேண்டிய எந்த மரத்துக்கும் சிறகு வரலாம். சுரப்பிப் புள்ளி அப்படி நினைத்த இடத்தில் வராது.

பாலையும் சொல்ல வேண்டும். ஆனி மாதம் ஏ9 வீதி ஓரம் பாலைப்பழம் விற்கும்போது வாங்கித் தின்றுவிட்டுக் கொட்டையை எறியாதீர்கள். பளபளப்பான மண்ணிறக் கொட்டை, ஒரு பக்கத்தில் மட்டும் மினுக்கம் இல்லாத தழும்பு. சப்போட்டாக் கொட்டையையும் இலுப்பைக் கொட்டையையும் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் அதே மினுக்கம், அதே தழும்பு. பாலையும் சப்போட்டாவும் ஒரே குடும்பம் மட்டுமல்ல, ஒரே சாதி, மனில்காரா. ஒன்று நம் காட்டின் பெருமரம், மற்றது மெக்சிக்கோப் பக்கத்து மரம். இந்தியாவில் பாலைக் கன்றை அடிக்கட்டையாக வைத்து அதன்மேல் சப்போட்டாவை ஒட்டுகிறார்கள், ஒட்டுப் பிடிக்கிறது. சொந்தம் உண்மை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வயல்வரம்பு எழுதியது:

அண்ணை, பால் வந்தால் ஒரே குடும்பமா? பாலை மரத்திலும் பால், எருக்கலையிலும் பால், கள்ளியிலும் பால், பலாவிலும் பால்.

முதிரைக்காடு எழுதியது:

இல்லை, அது நான்கும் நான்கு குடும்பம். கடிக்க வரும் பூச்சிக்கு எதிராகப் பல பரம்பரைகள் தனித்தனியே கண்டுபிடித்த வழி.

தரவுப்பெட்டி எழுதியது:

இதற்கு வன்னியில் அருமையான உதாரணம் கள்ளியும் நாகதாளியும். இரண்டும் வறண்ட மண்ணில், பச்சைச் சதைத் தண்டு, முள், இலை இல்லாத மாதிரி. கள்ளி ஆசியாவின் செடி, ஆமணக்கின் குடும்பம். நாகதாளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கக்டஸ். தண்டைக் கீறினால் கள்ளியில் வெள்ளைப் பால், நாகதாளியில் இல்லை. கள்ளி முள் இரண்டு இரண்டாக, நாகதாளி முள் ஒரு மேட்டிலிருந்து கொத்தாக. பூவையும் பாருங்கள்: நாகதாளியில் பெரிய மஞ்சள் பூ, கள்ளியில் பூவென்று தெரியாத சின்னக் குமிழ். ஒரே வறட்சி இரண்டு தூரத்துப் பரம்பரைகளை ஒரே உருவத்துக்குத் தள்ளியிருக்கிறது. ஒருங்கு கூர்ப்பு என்று கேள்வி வந்தால் இதை எழுதலாம்.

சேர், நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். கிளைமரம் கையில் இருந்தால்தான் எது ஒருங்கு, எது பரம்பரை என்று பிரிக்கலாம். இரண்டும் வேண்டும்.

வயல்வரம்பு எழுதியது:

அப்படியென்றால் என் வயலில் நடப்பதையும் கேட்க வேண்டும். நெல்லுக்குள் நெல்லைப் போலவே ஒரு புல் நிற்கிறது. கதிர் வரும்வரை பிரித்துப் பிடுங்க ஏலாது. இது ஏன் இப்படி நெல்லைப் போலவே வளர வேண்டும்?

குளக்கட்டு எழுதியது:

ஐயா, உங்கள் கையும், உங்களுக்கு முன் களை பிடுங்கிய எல்லாக் கைகளும்தான் காரணம். நெல்லிலிருந்து வேறாகத் தெரிந்த புல்லை ஒவ்வொரு போகமும் பிடுங்கி எறிந்தோம். நிறத்தில், நிமிர்ந்து நிற்பதில் நெல்லைப் போல இருந்தது தப்பி விதை விட்டது. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் என்ன மிஞ்சும்? ரஷ்யரான வவிலோவ் பயிர்களில் இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயரால்தான் இந்தப் போலித்தோற்றத்தை அழைக்கிறார்கள். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வுக்கு வெளிநாட்டுத் தீவுகளைத் தேடிப்போக வேண்டியதில்லை.

பிரிக்கும் வழி இருக்கிறது. இலையும் தாளும் சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லில் அந்த மூலையில் வெள்ளையாக, மெல்லிய தோல் போல ஒரு நாக்கு நிற்கும், பக்கத்தில் மயிரோடு இரண்டு சிறு காது. அந்தக் களைப்புல்லில் நாக்கும் இல்லை, காதும் இல்லை, மூலை மொட்டையாக இருக்கும். கோரையென்றால் இன்னும் சுகம், தண்டை விரலில் உருட்டினால் உருளாது, மூன்று மூலை.

மல்லாவிப்பிள்ளை எழுதியது:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. அப்புறம் ஒரு கேள்வி. ஒருவித்திலை என்றால் ஒரே ஒரு வித்திலை. பனையில் அந்த வித்திலை எங்கே? முளைத்து வரும்போது பார்த்தால் கிழங்குதான் வருகிறது.

குளக்கட்டு எழுதியது:

அந்த வித்திலையை நீ தின்றிருக்கிறாய். முளைத்த பனங்கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு போல, இனிப்பாக இருக்கும் பூரான் என்ன? வித்திலையின் நுனிதான். அது கொட்டைக்குள்ளேயே இருந்து ஊதிப் பெருத்து, இறுகிக் கிடக்கும் சேமிப்புணவைக் கரைத்து உறிஞ்சுகிறது. வித்திலையின் மறுபக்கம் குழாய் போல நீண்டு, முளையை மண்ணுக்குள் ஆழமாகக் கொண்டுபோய் இறக்குகிறது. குருத்து அங்கே, மேல்மண் சூட்டுக்கு எட்டாத ஆழத்தில் கிழங்காகிப் பிறகுதான் மேலே வரும். நம் கோடையைத் தாங்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

வெட்டின பனைமரக் குற்றியின் முகத்தையும் பார். வட்டமாக ஆண்டு வளையம் இராது. கறுப்பு நார்கள் புள்ளி புள்ளியாகச் சிதறி, வெளிப்பக்கம் நெருங்கி, உள்ளே போகப் போக ஐதாகும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கலன்கட்டு. தண்டைப் பருக்க வைக்கும் மாறிழையம் இல்லை, அதனால் முதிரை போல ஆண்டுக்காண்டு பருக்காது. கூரைக்குச் சிலாகை எடுக்கிறவர்கள் வெளிப்பக்கத்து வைரத்தை மட்டும் எடுப்பதற்குக் காரணமும் இதுதான்.

மல்லாவிப்பிள்ளை எழுதியது:

நாங்கள் சில பேர் சேர்ந்து எங்கள் ஊர்ச் செடிகளுக்கு ஓர் இணைக்கவர்ச்சுட்டி (படிக்குப் படி இரண்டில் ஒன்றைத் தெரிந்து செடியைக் கண்டுபிடிக்கும் பட்டியல்) செய்யலாமா? மாதிரி சேர்த்து வைக்கவும் ஆசை.

முதிரைக்காடு எழுதியது:

தாராளமாகச் செய்யுங்கள் தங்கச்சி. ஆனால் காட்டுக்குள் தனியாக இறங்க வேண்டாம். சிவப்பு மிதிவெடிப் பலகை நிற்கும் பக்கம் கால் வைக்கவே கூடாது, பலகை விழுந்து கிடந்தாலும் அந்த இடத்தைத் தெரிந்தவரிடம் கேட்காமல் போகாதீர்கள். ஒதுக்குக் காட்டில் கிளை முறிப்பதும் குற்றம். வீட்டு வேலி, வயல் வரம்பு, குளத்து அலைகரை இந்த மூன்றிலும் ஆண்டு முழுக்கப் படிக்கலாம்.

குளக்கட்டு எழுதியது:

மாதிரிக்குப் பழைய புதினத்தாள், இரண்டு பலகை, மேலே பாரத்துக்குக் கல்லு. பூவோ காயோ இருக்கும் கிளையாகப் பார்த்து எடு, வெறும் இலைக்கொத்து பெரும்பாலும் உதவாது. மாரியில் தாளை நாள்தோறும் மாற்று, இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆம்பல் போன்ற சாறு மிகுந்த பூவை இரண்டாகப் பிளந்து வை. காய்ந்த பின் தெரியாமல் போகிறவற்றை அன்றே எழுதிவிடு: பூவின் நிறம், மணம், பால் உண்டா, மரமா கொடியா, எவ்வளவு உயரம், எந்தக் குளம், எந்தத் திகதி, ஊரில் என்ன பெயர்.

இப்படி வைத்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்று நினைக்கிறாய்? ஒல்லாந்தக் கம்பனி மருத்துவராக வந்த போல் ஹேர்மன் 1672 முதல் 1677 வரை இலங்கையில் சேர்த்த செடிகள் இன்றும் இலண்டனில் இருக்கின்றன. லின்னேயஸ் இந்தத் தீவுக்கு வந்ததே இல்லை. அந்தக் காய்ந்த தாள்களைப் பார்த்துத்தான் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார்.

சுட்டிக்கு முதல் கேள்வியாகப் பூவின் நிறத்தைப் போடாதே, ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். வித்து உண்டா இல்லையா என்று தொடங்கு: ஆரையும் சல்வீனியாவும் ஒரு பக்கம் போய்விடும். அடுத்தது இலை நரம்பு, பிறகு வெளிச்சத்துக்குப் பிடித்தால் புள்ளி தெரிகிறதா, பிறகு பால். பால் ஒன்றை வைத்து மட்டும் குடும்பம் தீர்மானிக்காதே. பத்துச் செடியோடு முதல் வரைவைச் செய்து இங்கேயே போடு. வயல்வரம்பு ஐயா அதை வைத்துத் தன் வயலில் பிரித்துப் பார்க்கட்டும், எங்கே தடக்குகிறது என்று அவர் சொல்வார்.

வயல்வரம்பு எழுதியது:

போடு பிள்ளை. விதைப்பு முடிந்ததும் பார்க்கிறேன்.